சித்தப்பா கொடுத்த பென்சில்

அவர் இறந்துபோன செய்தி டிவியில் வந்தபோது என் அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியிலேயே இருந்தது, சக்கரம் நின்றுவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சொந்தச் சித்தப்பா போனதுபோல அழுதாள். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். டிவி சித்தப்பா.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் டிவி இருந்த வீட்டிலெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. வேட்டி, அரைக்கைச் சட்டை, ஒரு பிரம்பு நாற்காலி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "என்ன, எல்லாரும் சாப்டாச்சா?" என்று கேட்பார். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வுபெற்றவர். அம்மா செத்த பிறகு எங்களிடமே நாளுக்கு நாலு வார்த்தைதான் பேசுவார். அவர் டிவியைப் பார்த்து, "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்வார். மாமியார், மருமகள், அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய காப்பித்தூள் என்று சித்தப்பா பேசுவதெல்லாம் வீட்டுக்குள் நடப்பதுதான். கெட்ட வார்த்தை இருக்காது. குழந்தைகளை எழுப்பிவிட்டு வெளியே அனுப்ப வேண்டியதில்லை.

அவர் செத்த அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா தைத்துக்கொண்டிருந்தது ஒரு ஜன்னல் திரை. அது வாடிக்கையாளருடையது இல்லை. அவளுடையது.

அவளுக்கு முப்பத்தைந்து வயதில் கல்லலில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தார். வயலும் ஒரு உரக்கடையும் வைத்திருந்தவர். பெண் பார்க்க வந்தபோது மற்றவர்கள் கேசரியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மிஷினைப் பார்த்தார். "இதையும் கொண்டாந்துருங்க. எங்க வீட்டு முன்னறையில ஜன்னல் பெருசு, நல்ல வெளிச்சம் வரும்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அன்றிலிருந்து அக்கா அந்த ஜன்னலுக்குத் திரை தைத்தாள். அளவு தெரியாது. தெரியாமலே தைத்தாள்.

கிறிஸ்தவர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று இரண்டு ஊர்க் கோயிலிலும் சொல்வார்கள். மூன்றாம் ஓலை முடிந்தால்தான் கல்யாணம். அக்காவுக்கு இரண்டு ஓலை ஆகியிருந்தது. அந்த ஞாயிறு மூன்றாவது.

சித்தப்பாவை நான் நேரில் பார்த்திருக்கிறேன், பேசியிருக்கிறேன். பேசியது என்ன என்பது அக்காவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

எனக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. மைக் செட் வேலைக்குப் போனேன். பிறகு சொந்தமாக ஒரு ஆம்ப்ளிஃபயர், நாலு ஹாரன், இரண்டு பாக்ஸ் வாங்கிக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, எங்கள் கோயில் பூசை, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். ஊரில் எல்லோர் வாய்க்கு முன்னாலும் மைக்கை வைத்தவன் நான். ஆனால் மைக்கில் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சம். விரலால் சொடுக்கிப் பார்ப்பேன், இல்லையென்றால் ஊதிப் பார்ப்பேன். "என்ன மாப்ள, அடுப்பு ஊதுறியா?" என்று என் கூட்டாளி கேட்பான். அவன் கேபிள் டிவி நடத்துகிறவன். இந்தக் கதையில் அவன் பிறகு வருவான்.

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். அந்த வீட்டு ஆச்சிக்கு அக்காதான் ரவிக்கை தைப்பாள். மணப்பெண்ணுக்கும் பதினான்கு ரவிக்கை அவள்தான் தைத்தாள். "தைச்சுக் குடுத்துட்டு ஓடிராத. கல்யாணத்துக்கும் வந்து நில்லு" என்று ஆச்சி சொல்லியிருந்தார்கள். எனக்கு மைக் செட். சாயங்கால வரவேற்பில் டிவி சித்தப்பா வந்து பேசுகிறார் என்று மூன்று வாரமாக ஊரில் பேச்சு.

மூன்று மணிக்குக் கார் வந்தது. முற்றம் தாண்டி வீட்டின் இரண்டாம் கட்டில் அவருக்கு ஒரு அறை ஒதுக்கியிருந்தார்கள். சட்டையில் மாட்டுகிற சின்ன மைக்கைக் கொடுத்து எப்படி மாட்டுவது என்று காட்ட நான் போனேன். அவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டிவியில் தெரிவதைவிட வயதானவர். காலில் வீக்கம் இருந்தது.

"உள்ளூரா தம்பி?"

தலையாட்டினேன்.

"உட்காரு. உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்றார். என்னை யாரும் தேடியதில்லை. நான் உட்கார்ந்தேன்.

அவர் ஒரு பென்சிலை எடுத்தார். கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி, வெறுமையாக இருந்த பக்கத்தை மேலே வைத்துக்கொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் அவர் அப்படித்தான் செய்வாராம். மேடை ஏறுவதற்கு முன்னால் உள்ளூர் ஆள் ஒருத்தரைப் பிடித்து நாலு சங்கதி வாங்கிக்கொள்வார். வெளியூர்க்காரர் வந்து நம் ஊர் விஷயத்தைச் சொன்னால் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "பந்திக்காரனையும் மைக்செட்டுக்காரனையும் கேட்டாப் போதும். ஊரு வண்டவாளம் பூரா இருக்கும்" என்றார்.

"பேரு வேண்டாம் தம்பி. பேரைச் சொன்னா வம்பு. சொல்லாட்டி நகைச்சுவை."

நான் கட்சிக் கூட்டத்தில் தலைவர் வருவதற்கு முன்பே கைதட்டிய கதையைச் சொன்னேன். எழுதினார். பஸ்ஸில் ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரைச் சொன்னேன். பாதிதான் எழுதினார். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். பென்சிலைப் பத்திரிகை மேல் வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். வேறு யாராவது வருகிறார்களா என்று.

அந்தப் பென்சில் கீழே இருந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால் சொன்னேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண்ணை ஒன்பது பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்பது தடவையும் அவள் அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய ஒரே பட்டுச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு நின்றாள். மயில்கழுத்து நிறம், மாம்பழ நிறக் கரை. ஏழாவதாக வந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போன வருசம் எங்க கொழுந்தன் மகனுக்குப் பாக்க வந்தப்பவும் இதே சேலதானம்மா?" என்று கேட்டார்கள். நாலாவதாக வந்தவர்கள் அவர்களுடைய கொழுந்தன் வீட்டுக்காரர்கள் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சித்தப்பா சிரித்தார். டிவியில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, வயிறு குலுங்கிய சிரிப்பு. பென்சிலை எடுத்தார். "கலர் என்ன சொன்னே? கரை?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். கேசரியில் முந்திரி எண்ணிப் போடுவதைச் சொன்னேன். வந்தவர்கள் போன பிறகு அந்தப் பெண் சேலையை மடிக்கும்போது கறை பட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைச் சொன்னேன். அதை அவர் எழுதவில்லை. "அது அழுகைப்பா, வேண்டாம்" என்றார்.

அந்தப் பெண் என் அக்கா என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. பெயர் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அக்கா வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

ஆறரை மணிக்கு அவர் மேடை ஏறினார். நான் ஓரமாக ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் நின்றேன். தலைவர் கதைக்குச் சிரித்தார்கள். ஆட்டுக்குட்டிக்குச் சிரித்தார்கள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஒரு ஊர்ல ஒரு சேலை. மயில்கழுத்துக் கலர், மாம்பழக் கரை. அந்தச் சேலைக்குக் கல்யாண வயசு வந்திருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாங்க. பார்த்தாங்க. சேலை ரொம்பப் பிடிச்சிருக்குன்னாங்க. உள்ள ஒரு பொண்ணு இருந்துச்சு, அதைத்தான் யாரும் கேட்கலை."

கூட்டம் அலறியது.

"ஒம்பது மாப்பிள்ளை! ஏழாவது மாமியார் சொல்றாங்க, 'இந்தச் சேலையை எனக்குத் தெரியுமே, எங்க கொழுந்தன் வீட்டுக்குத்தான் முதல்ல பேசினாங்க.' தரகர் கையெடுத்துக் கும்பிட்டாரு. 'அம்மா, அடுத்த தடவை சேலையை மட்டும் குடுத்து அனுப்புங்க. பொண்ணு எதுக்கு வீணா அலையணும், அது வீட்டுல இருக்கட்டும்.'"

கல்யாண வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யாராவது சிரிப்புக் காட்டினால், சிரிக்கிற முகங்களை எடுக்கக் கேமராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புவார்கள். லைட் பிடிக்கிறவனும் கூடவே திரும்புவான். அவன் திரும்பினான். பெண்கள் பக்கம் மூன்றாவது தூணுக்கு அருகில் அந்த வெளிச்சம் போய் நின்றது. அங்கே வெற்றிலைத் தட்டோடு அக்கா நின்றாள். மயில்கழுத்துச் சேலை, மாம்பழக் கரை. பெரிய வீட்டுக் கல்யாணம் என்று அன்றைக்கும் இரவல் வாங்கியிருக்கிறாள். நான் காலையிலேயே சாமான் ஏற்ற வந்துவிட்டதால் பார்க்கவில்லை.

"இந்தா இருக்குய்யா சேல!" என்று யாரோ ஒருத்தன் கத்தினான்.

சித்தப்பா நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்தது. அந்த இடத்தில் அவர் வேறு கதைக்குப் போயிருக்கலாம். ஆனால் முந்நூறு பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடடா, மணப்பொண்ணே வந்திருக்கா! அம்மா, பத்தாவது நான் வரட்டுமா? எனக்குச் சேலை பிடிச்சிருக்கு!"

அக்கா சிரித்தாள். ஒரு கையில் தட்டு இருந்ததால் இன்னொரு கையால் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். ஆச்சியும் சிரித்தார்கள். வெளிச்சம் போகவில்லை. நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்திருக்கலாம். கை எட்டுகிற தூரம்தான். ஒலி இரைந்தது. நான் சத்தத்தைச் சரிசெய்தேன்.

இறங்கி வந்தபோது அவர் என் கன்னத்தில் தட்டினார். "நல்ல சரக்கு தம்பி. இந்தா" என்று சட்டைப் பையிலிருந்து அந்தப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். சிவப்புப் பென்சில், பல் பட்ட தடம் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் அக்கா சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள். "இதெல்லாம் அவருக்கு யாருடா சொல்லியிருப்பா?"

நான் ஹாரன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சேலையின் சொந்தக்காரி அடுத்த வீட்டு முஸ்லிம் பெண், அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் புருசன் மலேசியாவில் இருந்தார், அந்தச் சேலை அவர் ஊருக்கு வந்தபோது எடுத்துக் கொடுத்தது. அக்காவும் லாத்தாவும் சுவருக்கு மேலே குழம்பு மாற்றிக்கொள்கிறவர்கள். சித்தப்பாவை மதுரையிலிருந்து கூட்டிவந்த வாடகைக் காரை ஓட்டியது லாத்தாவின் தம்பி.

"அவன்தான் கார்ல வரும்போது சொல்லியிருக்கணும். லாத்தா வாயத் தொறக்காம அவனுக்கு எப்படித் தெரியும்? அவகதான். இல்லடா?"

நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன்.

அக்கா சேலையைக் கொண்டுபோய் லாத்தா வீட்டு வாசலில் போட்டுவிட்டு வந்தாள். லாத்தா ஓடிவந்தார். "அல்லா அறிய நான் ஒண்ணும் சொல்லலடி! என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லடி!" என்று வாசலில் நின்று அழுதார். அக்கா கதவைச் சாத்தினாள். நான்கு வருடம் சாத்தித்தான் இருந்தது. லாத்தாவின் மாமியார் மௌத்தானபோதுகூட அக்கா போகவில்லை. நான் போனேன். துக்க வீட்டுக்குப் பந்தல் லைட் போட்டுக் கொடுத்தேன்.

என் கூட்டாளி கேபிள்காரன் அந்தக் கல்யாண வீடியோவில் சித்தப்பா பேசியதை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, உள்ளூர் சேனலில் ஆறு மாதம் போட்டான். அக்காவுக்குச் 'சேலை' என்று பெயர் வந்தது. ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட, "சேலக்கா இருக்கீகளா?" என்று கேட்டார்கள். கேலியாகக் கூட இல்லை. அதுதான் பெயர் என்பதுபோல.

இதில் எனக்குப் புரியாத ஒன்று, அக்கா சித்தப்பாவை வெறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதல் ஆளாக உட்கார்வாள். "அவர் என்னடா செய்வாரு. பேரு சொல்லலையே. சொன்னவகளச் சொல்லணும்" என்பாள்.

அவர் செத்த மறுநாள் புதன்கிழமை கேபிள்காரன் வந்தான். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மணிநேரம் அஞ்சலி நிகழ்ச்சி என்றான். அவனிடம் இருந்த கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆனால் என்னிடம் ஒரு பிரதி இருப்பது அவனுக்குத் தெரியும். அவனே எடுத்துக் கொடுத்ததுதான். ஏன் வாங்கி வைத்திருந்தேன் என்றால், அதில் ஒரு இடத்தில் சித்தப்பா, "மைக் நல்லா வச்சிருக்கான் தம்பி" என்று சொல்வார்.

"அக்காவுக்கு ஞாயித்துக்கிழம மூணாவது ஓல. வேணாம்" என்றேன்.

"அந்தச் சேல மேட்டர வெட்டிருவோம் மாப்ள. தலைவரு, ஆட்டுக்குட்டி மட்டும். எட்டாவது நிமிசத்துல நிப்பாட்டிருவேன். போதுமா?"

அவன் என் தோளில் கை போட்டான்.

"அதுக்கு முன்னாடி நீ ரெண்டு நிமிசம் பேசு. நம்ம ஊர்ல அவரோட உக்காந்து பேசுன ஒரே ஆளு நீதான? கேமரா முன்னாடி வந்து சொல்லு."

இல்லை என்று சொல்ல வந்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். காலையில் மைக் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து கேசட்டை எடுத்தேன். பென்சிலையும் எடுத்தேன்.

கேபிள் அறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மாலை போட்ட படம், ஒரு ஊதுபத்தி, ஒரு கேமரா. கேபிள்காரன் மைக்கை என் கையில் கொடுத்தான். நான் ஊதிப் பார்த்தேன். அவன் சிரித்தான். அப்புறம் சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் இரண்டு வாக்கியம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மூன்றாவது வாக்கியத்திலிருந்து எனக்கே என் குரல் பிடித்துவிட்டது. அவருடைய காலில் இருந்த வீக்கத்தைச் சொன்னேன். "உன்னைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று அவர் சொன்னதைச் சொன்னேன். பென்சிலை எடுத்துக் காட்டினேன். "இந்தப் பென்சிலாலதான் எழுதினார். நம்ம ஊர்ச் சங்கதியெல்லாம் அவருக்கு நான்தான் சொன்னேன்" என்றேன்.

கேபிள்காரன் கேமராவுக்குப் பின்னாலிருந்து கேட்டான். "அப்ப அந்தச் சேலக் காமெடியும் மாப்ள குடுத்ததுதானா?"

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பேட்டி நன்றாகப் போகிறதே என்று கேட்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

கேசட் ஓடியது. எட்டாவது நிமிடத்தில் நான் கையைக் காட்டினேன். அதற்குள் மூன்று வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது. "சேலைய எப்பப் போடுவீக?" என்று கேட்டார்கள். கேபிள்காரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இருடா, அதுதானடா எல்லாரும் கேக்குறாக. செத்த மனுசனுக்கு இதக்கூடச் செய்யாட்டி எப்படி?" பிளேயர் எனக்குக் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் மறுபடியும் கையை நீட்டவில்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த இடம் முடிந்ததும்தான் "மைக் நல்லா வச்சிருக்கான் தம்பி" வரும்.

வீட்டுக்குப் போனேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சித்தப்பாவுக்காக அக்கா ஏற்றிவைத்திருந்த மெழுகுவர்த்தி டிவி மேல் எரிந்துகொண்டிருந்தது. டிவியை அணைத்திருந்தாள். மடியில் ஜன்னல் திரை.

நான் செருப்பைக் கழற்றினேன். திரையின் ஓரத்தை நீவிக்கொண்டே அவள் கேட்டாள்.

"அந்தப் பென்சில எங்கடா வச்சிருந்த, இத்தன நாளா?"

"மைக் பெட்டியில."

"ம்" என்றாள். எழுந்தாள். கதவைத் திறந்துகொண்டு லாத்தா வீட்டுக்குப் போனாள். லாத்தாவின் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

"இப்ப வந்து கால்ல விழுந்து என்னடி பண்ண? நாலு வருசம் எங்களத் தூத்துனியேடி. தெருவுல என் தம்பி தலகுனிஞ்சு போனானேடி. உள்ளயே வச்சுருந்திருக்கியே பாம்ப! சோறு போட்டு வச்சுருந்திருக்கியே!"

அக்கா பேசியது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாப்பிள்ளையின் அம்மா கல்லலிலிருந்து வந்தார். அவருடைய மகளைப் போன வருடம் காரைக்குடியில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அதே கேபிள். மகளும் கூட வந்தார். இருவரும் உட்காரவில்லை.

"எங்களுக்கு முன்னாடி ஒரே எடந்தான் பாத்துட்டுப் போனாகன்னு சொன்னீக. ஒம்பதா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா, "தப்புத்தான் தாயி" என்றார்.

"ஒம்போதோ பத்தோ போகட்டும்யா. எம்மகனுக்கும் நாப்பதாகப் போகுது, நாங்களும் பதினோரு எடம் பாத்தவகதான். அது பேச்சில்ல." என் பக்கம் திரும்பினார். "கூடப் பெறந்தவ மானத்த எடுத்து மேடையில குடுத்தவன் இவன். செத்த வீட்டுலயும் வந்து அதையே சொல்லிப் பல்லக் காட்டுறான். நாளைக்கி எங்க வீட்டுச் சோத்துப்பான, சண்ட சச்சரவு எல்லாம் இவன் பெட்டியிலதான வந்து விழும்? பொண்ணு தங்கமான பொண்ணு. நான் கொற சொல்லல. ஆனா இந்த வாசப்படி எங்களுக்கு ஆகாது."

அவர் கையில் எங்கள் வீட்டிலிருந்து நிச்சயத்துக்குக் கொடுத்த பழத்தட்டு இருந்தது, தேய்த்துக் கழுவித் துடைத்தது. அதை மிஷின் மேல் வைத்தார். அக்கா அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, "காப்பி சாப்பிட்டுப் போங்க அத்த" என்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். கண் கலங்கிற்று. ஆனாலும் போய்விட்டார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறு இல்லை.

அப்பா அன்றைக்கு என்னிடம் பேசிய ஒரே பேச்சு இது. "மைக்கப் புடிச்சமா, வந்தமான்னு இருந்திருக்கலாம்டா."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் முன்னாலேயே போய் மைக் வைத்தேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் மைக் வைக்க வேறு ஆள் கிடையாது. ஆம்ப்ளிஃபயர், சாமியார் பூசை உடை மாட்டுகிற சக்கிரீஸ்து அறை வாசலில் இருக்கும். அங்கிருந்து ஆட்கள் வருவது தெரியும். இரண்டாம் மணி அடித்த பிறகு பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன்.

அக்கா வந்துகொண்டிருந்தாள். மயில்கழுத்துச் சேலை. மாம்பழக் கரை.

லாத்தாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். லாத்தா கொடுத்திருக்கிறார். நான்கு வருடம் மடிப்பிலேயே இருந்த சேலை, மடிப்பின் கோடுகள் வெள்ளையாகத் தெரிந்தன. அவள் பின்வரிசையில் உட்காரவில்லை. நடுவழியில் நடந்து முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். யாரோ ஒரு பெண் சிரித்தாள். யாரோ அதட்டினார்கள்.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசித்தார். இரண்டு ஜோடி. ஒன்றுக்கு முதல் ஓலை, இன்னொன்றுக்கு இரண்டாம் ஓலை. தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போலச் சொன்னார். மூன்றாம் ஓலை என்று ஒன்று இல்லை. போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் கேட்டிருந்தவர்கள் அனைவரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் சாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாளை மடித்து வைக்கும்வரை பார்த்தாள்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது என்னிடம் வந்தாள். நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நல்லாக் கேட்டுச்சுடா" என்றாள். "ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுச்சு."

நேராக லாத்தா வீட்டுக்குப் போய்ச் சேலையைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் பிறகு அவளைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. திரையை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்தாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அவளுக்கு.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தியாகம் ஒன்றும் இல்லை, எனக்கும் யாரும் பெண் கொடுக்கவில்லை. அக்காவும் நானும் அதே வீட்டில் இருக்கிறோம். சோறு போடுகிறாள், சட்டைப் பொத்தான் அறுந்தால் தைத்து வைக்கிறாள். வீட்டில் நடப்பது எதையும் என்னிடம் சொல்வதில்லை. போன வருடம் அவளுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது எனக்கு லாத்தா சொல்லித்தான் தெரியும்.

சித்தப்பாவின் நினைவுநாள் வந்தால் அவருடைய பழைய நிகழ்ச்சிகளை டிவியில் திரும்பப் போடுகிறார்கள். பிரம்பு நாற்காலி, வேட்டி நுனி, மூக்குக்கண்ணாடி. "என்ன, எல்லாரும் சாப்டாச்சா?" அக்கா எல்லா வேலையையும் விட்டுவிட்டு வந்து உட்கார்வாள். இன்றும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் மெதுவாக எழுந்து வெளியே போகப் பார்ப்பேன்.

"எங்க போற? உக்காரு" என்பாள், திரும்பிப் பார்க்காமலே. "சவுண்டு பத்தல. கூட்டு."

நான் உட்கார்ந்து, கூட்டுகிறேன்.